வாசலில் போட்ட கூச்சல்

சோறு மூடி வைத்திருக்கிறேன். நேரில் பேசினால் கத்திவிடுவேன்; அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை நிம்மதியாகத் தூங்கி மூன்று மாதம் ஆகிறது. நான்தான் நேற்று அவளை, நான் வேலை பார்க்கும் கிராம ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். மனநல டாக்டரைப் பார்க்க வருகிறவர்களையும் காய்ச்சல்காரர்களோடு ஒரே வரிசையில் உட்காரவைப்பதே, யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியக்கூடாது என்றுதான். நீங்களோ வாசலில் நின்று, “என் தங்கச்சி ஒண்ணும் பைத்தியம் இல்ல, வாடி வீட்டுக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினீர்கள். அதுவரை ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. மானத்தைக் காப்பாற்றினீர்களாம்!

இன்று பத்து மணிக்கு அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாவி ஜன்னலில்.

பி.கு. நீங்கள் கத்தியதும் வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று நர்ஸான எனக்கு மட்டும்தான் தெரியும். இனி எந்த முகத்தோடு அவர்களைக் கூப்பிடுவேன்?