கூடாரத்தில் ஏறிய ஈரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டு வலி குறைந்திருக்கிறதா? நான் நலம், தூக்கம் மட்டும் சரியில்லை.

ஆய்வுக்கூடத்தில் நாற்று வளர்க்கும் துணிக் கூடாரத்துக்குள் தினமும் மத்தியானம் ஈரப்பதம் ஏறியது. இலைகளில் பூஞ்சை பிடித்தது. நாற்றுகள் போனால் ஒரு வருட வேலை போய்விடும். நான் ஈரம் ஏறினால் கத்தும் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு முறை மாற்றச் சொன்னேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, “ஏன் மேடம், மத்தியானமானா உள்ள யாராவது உக்காந்து மூச்சு விடுறாங்களா?” என்றார்.

நான்தான். உங்களுக்குக் கேட்கவேண்டுமென்று போனில் கத்துகிறேனே, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கூடாரத்துக்குள் போய் ஜிப்பை மூடிக்கொண்டு பேசினேன். சொன்னதும், “நல்லவேளை, பேய் இல்ல” என்று சிரித்தார். பூஞ்சை பிடித்தவற்றைப் பிடுங்கிவிட்டோம். மீதி பிழைக்கும்.

இப்போது மத்தியானமானால் உங்களிடம் பேசாமல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். டிராயரில் போட்டு வைத்திருக்கும் காது மெஷினை எடுத்து, பேட்டரி மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசினாலே கேட்குமென்றால் எங்கே நின்றும் பேசலாம். மாட்டியதும் நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்கள்.

மீட்டர் மறுபடி கத்துகிறது, ஓடுகிறேன். இந்த முறை உள்ளே நான் இல்லை.

உங்கள் மகள்