வகுப்பில் வாசித்த என் பிழை

9.5.1976, ஞாயிறு. ஸ்பிரிங்வேல்

கோபத்தில் எழுதினால் ஒழுங்கு கெட்டுவிடும். ஆகவே என் மனக்குறைகளை முதலில் எண்ணிட்டு வைக்கிறேன்.

1. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் அந்தச் சம்பவத்தை மகளிடம் சொன்னேன்.
2. அவள் அதைத் தன் வகுப்பில் வாசித்தாள். என் தகப்பன் என்றும் சொன்னாள்.
3. நான் அதை வேறொருவர் வாயால் அறிய வேண்டி வந்தது.

மூன்றாவது முதலில். இன்று மத்தியானம் வரதராஜா வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி யோகராணியும் என் மகள் சந்திரவதனாவும் ஒரே ஆஸ்பத்திரியில் தாதியர். இப்போது ஒரே மேற்படிப்பு. இதை முடித்தால் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களை டொக்டர் இல்லாமல் தாங்களே சோதித்துப் பார்க்கலாமாம்.

யோகராணி சோறு போட்டபடியே, "அங்கிள், வதனா உங்கட போத்தல் கதையை வகுப்பில வாசிச்சவ. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அழுதே போட்டுது" என்றாள்.

"அப்போதிக்கரியார் அவுஸ்திரேலியாவில பாடமாகிப் போனார்!" என்று வரதராஜா சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

10.5.1976, திங்கள்

சம்பவம் இதுதான். 1941, மன்னார்ப் பக்கம் ஒரு சிறிய டிஸ்பென்சரி. நான் அங்கே அப்போதிக்கரி, மருந்து கலந்து கொடுப்பவன். டொக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மருந்துக்கு வருபவர்கள் வீட்டிலிருந்து வெறும் போத்தல் கொண்டுவருவார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிய தாளைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்போம். ஒரு தாய் மூன்று வயதுப் பிள்ளைக்கு இருமல் மருந்து கேட்டாள். அவள் தந்த போத்தலில், முன்பு பிள்ளையின் தகப்பனுக்கு ஒட்டிய தாள் இருந்தது. மறுபக்கத்தில் புதியதை ஒட்டினேன். பழையதை உரிக்கவில்லை. அவள் பழைய அளவைப் பார்த்து ஊற்றினாள். அபின் சேர்ந்த மருந்து.

பிள்ளை எழும்பவில்லை.

13.5.1976, வியாழன்

நாலு நாளாக மகளோடு பேசவில்லை. இன்று குசினியில் அவளே கேட்டாள்.

"என்னப்பா, கறி சரியில்லையோ?"

"வகுப்பில என்ன வாசிச்சனி?"

கரண்டியை வைத்தாள். "பேர் சொல்லேல்லை."

"அப்பா எண்டு சொன்னனிதானே."

"வேற ஆரெண்டு சொல்லுறது? அண்டைக்கு வகுப்புக்கு வந்த டொக்டர்மார், நேர்சுக்கு எதுக்கு இந்தப் படிப்பு எண்டு கேட்டவை. படிச்ச ஆக்களுக்கும் பிழை வரும், அதை ஒளிக்காமல் சொல்லப் பழக்கோணும் எண்டு காட்டத்தான்…"

"என்னைக் காட்டித்தானோ?"

என் குரல் எனக்கே புதிது. முன்னறையில் மருமகன் நித்தியானந்தன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

16.5.1976, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அவள் முடிவுக் கட்டுரை கொடுக்க வேண்டும். "உங்கட கதை வந்த ஆறு பக்கமும் கிழிச்செடுத்தாச்சு. சந்தோசமோ?" என்றாள்.

சந்தோஷமில்லை. அந்த ஆறு பக்கமும் இல்லாவிட்டால் கட்டுரை நிற்காது, தேறுவதே சந்தேகம் என்று யோகராணி தொலைபேசியில் சொன்னாள். இரண்டு வருட உழைப்பு. அதற்கு நான் என்ன செய்ய? என்னை வெட்டவெளியில் நிறுத்தியது யார்?

18.5.1976, செவ்வாய்

கொழும்பிலுள்ள மகன் சிறிதரனுக்குக் கடிதம் எழுதினேன், என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி. யாருக்கும் சொல்வதில்லை என்று வதனா எனக்கு வாக்குத் தந்த தேதியை நாட்குறிப்பில் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

19.5.1976, புதன்

தேதி கிடைத்தது. மார்ச் 14. அன்று எழுதியிருப்பது:

"வதனாவிடம் மன்னார்ச் சம்பவத்தைச் சொன்னேன். என் கையைப் பிடித்தபடி இருந்தாள். 'இதை வகுப்பில சொல்லலாமோ அப்பா?' என்று கேட்டாள். எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தேன்."

அவ்வளவுதான். சொல்லாதே என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. வாக்குத் தந்தது எனக்கு நல்ல ஞாபகம் — மனதுக்குள் கேட்டு, மனதுக்குள்ளேயே வாங்கிக்கொண்டேனா? எங்கள் வீட்டில் பெரியவர் பதில் பேசாமல் எழும்பினால் வேண்டாம் என்று அர்த்தம். பத்து வருடமாக வெள்ளைக்காரரோடு வேலை செய்கிறவளுக்கு அது ஓம், சம்மதம்.

இதை அவளிடம் சொல்லப் போகிறேனா? இன்று முழுக்க இரண்டு முறை அவள் அறைவாசல்வரை போய்த் திரும்பினேன்.

21.5.1976, வெள்ளி

நேற்றுப் பின்னேரம் அவள் தட்டச்சுப் பொறியின் முன் இருந்தாள். நாட்குறிப்போடு போய் அந்தப் பக்கத்தை வாசித்தேன். முடியும்வரை கேட்டாள்.

"வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயப்பா."

"ஓம்."

"அப்ப இப்ப கேக்கிறன். போடட்டோ, விடட்டோ? இந்த முறை எழும்பிப் போகாதேங்கோ."

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடு. ஒரு வரி சேர். பிள்ளை செத்த விசாரணையில தாயின்ர கவனக்குறைவு எண்டு எழுதினவை. அப்போதிக்கரி பக்கத்தில நிண்டவர், வாய் திறக்கேல்லை."

இதை அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, அந்த வரியைத் தட்டச்சில் அடித்தாள்.

இன்று காலை கட்டுரையைக் கொடுத்துவிட்டாள். தேறுவாளோ தெரியாது. சிறிதரனுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை.

என் முதலாவது மனக்குறை பிழை, அதை வெட்டிவிடுகிறேன். இரண்டும் மூன்றும் அப்படியே இருக்கின்றன. இன்னும் நோகிறது.