நாலு பேர் காற்று

சேசு மரி சூசை துணை

மந்தைவெளி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் சான்ட்ராவுக்கு டாடி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் மம்மியும் நலம், மம்மியின் முழங்காலும் இந்த மழையும் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனை எடுத்தால் பேசிவிடலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எனக்கு முன்னால் என் கோபம் பேசிவிடுகிறது, போன தடவை பார்த்தாயே. பேனாவுக்கு அந்த வேகம் கிடையாது. மம்மி இதை போட்டோ எடுத்து உனக்கு உடனே அனுப்புவாள், தாள் பின்னால் வடகம் பார்சலோடு வரும்.

அன்றைக்கு நீ என்ன தப்பாகச் சொல்லிவிட்டாய்? ஸ்டுட்கார்ட்டில் வாங்கின பைக்கை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கப் பேர் கொடுத்திருக்கிறேன் டாடி, ரோட்டுக்கு டயரில் வைக்கிற காற்றை ட்ராக்குக்குக் குறைக்கணும், எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாய். வேகமாகப் போகிற இடத்தில் எவனாவது காற்றைக் குறைப்பானா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதிலிருந்து நீ மம்மியிடம் மட்டும்தான் பேசுகிறாய். நேற்று மம்மி சொல்கிறாள், டாடிக்குச் சங்கடம் என்றால் வருகிற சனிக்கிழமை நான் போகவில்லை, பேரை எடுத்துவிடுகிறேன் என்று நீ சொன்னாயாம். அதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதனால்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே செய்தி என்றால், ஷெல்டனுக்கு ஓசூரில் நைட் ஷிப்ட் மாறிவிட்டது, உன் தம்பி இப்போதுதான் மனுஷன் மாதிரித் தூங்குகிறான். கீழ்வீட்டு ஜஹீதா அக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், பிரியாணி கொடுத்தனுப்பினார்கள், மம்மிக்குக் காரம் ஆகாது என்று நானே முடித்தேன். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டின இடத்தையெல்லாம் இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள், மழை பெய்தால் அதன்மேல் நடக்கவே பயம். போன வாரம் கோபாலபுரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தத் தகட்டின்மேல் நம் பழைய வண்டியின் பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. காலை ஊன்றி நின்றுவிட்டேன், இந்தப் பி.டி. மாஸ்டர் கால் இன்னும் அந்த அளவுக்குக் கெட்டுவிடவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர், "இன்னா பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

மம்மி சும்மா இருப்பாளா, வாய்ஸ் மெசேஜில் உனக்கு அப்படியே ஒப்பித்துவிட்டாள். நீ பதறுவாய் என்று பார்த்தேன். நீ கேட்டது ஒரே கேள்வி, டாடி வண்டிக்கு எவ்வளவு காற்று வைக்கிறார். முன்னே முப்பத்தைந்து, பின்னே நாற்பத்தைந்து, கல்லு மாதிரி இருக்கும் என்று பெருமையாகச் சொல்லச் சொன்னேன். அதற்கு நீ அனுப்பினதை மம்மி சத்தமாக வைத்தாள். முதலில் சிரித்தாய். பிறகு, "டாடி, அது நாலு பேர் போற காத்து. இப்போ நீங்க யாரை ஏத்திக்கினு போறீங்க?" என்றாய். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நீ டேங்க்மேல், தம்பி நடுவில், மம்மி பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் மாதா கோவிலுக்குப் போவோம். ஒரு தடவை அடையாறு பாலத்தில் இறங்கும்போது பள்ளத்தில் விட்டு டியூப் வெடித்து, நாலு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம், நீ அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாய். இனி என் பிள்ளைகளை நடக்கவிடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பின்னே நாற்பத்தைந்து வை என்று சொல்வது எனக்கு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. தம்பி பஸ்ஸுக்கு மாறினான், நீ ஸ்கூட்டிக்கு மாறினாய், அப்புறம் விமானம் ஏறினாய். மம்மியும் உங்கள் வண்டி முதுகை உடைக்கிறது என்று ஆட்டோவுக்குப் போய்விட்டாள், நான் ஓட்டுகிற லட்சணத்தைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ரோஷம். ஆளெல்லாம் இறங்கிப்போன பிறகும் நான் மட்டும் வாரம் தவறாமல் நாலு பேருக்கும் காற்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் பங்குக்குப் போய், செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தேன். ஒரு ஆளுக்கு முன்னே இருபத்தைந்து, பின்னே இருபத்தெட்டு. இரண்டு ஆளுக்குப் பின்னே முப்பத்தாறு. நாலு ஆளுக்கு அதில் ஒன்றுமே போடவில்லை, போடவும் மாட்டான். ஒரு ஆளுக்கு வை என்றேன். காற்று அடிக்கிற நாகராஜ், "இன்னா சார், எப்பவும் கல்லு மாதிரி கேப்பீங்க, இன்னிக்கு எறக்கச் சொல்றீங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லியா" என்றார். உஸ்ஸென்று காற்று வெளியே போகும்போது உங்களை ஒவ்வொருவராக வழியில் இறக்கிவிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது சான்ட்ரா. ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்ததால் மானம் பிழைத்தது.

ஆனால் அதே தகட்டின்மேல் அதே மழையில் மெதுவாக வந்து பார்த்தேன், வண்டி நகரவில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது. மழை நாளில் பிள்ளைகள் ஆடும்போது பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் இறக்கித்தான் கொடுப்பேன், இல்லாவிட்டால் காலுக்கு அடங்காமல் எகிறும். பந்துக்கு இருந்த புத்தி வண்டிக்கு வரவில்லை பார். சாயங்காலம் திரும்பப் போய் இரண்டு ஆள் காற்று வைத்துக்கொண்டு வந்து, மம்மியைக் கெஞ்சி ஏற்றி, சாந்தோம் கோவில் வரைக்கும் கூட்டிப்போனேன். இறங்கினதும், "வண்டி மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள், முதுகைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதற்கப்புறம்தான், நீ முன்பே அனுப்பி நான் கேட்காமல் வைத்திருந்த மெசேஜை உட்கார்ந்து கேட்டேன். ட்ராக்கில் டயர் நன்றாகச் சூடாகும், சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும், முதலிலேயே குறைத்து வைத்தால்தான் அப்போது அளவாக நிற்கும், டயர் தரையைப் பிடிக்கும் என்று எவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறாய். விளையாட்டுத்தனமாகப் போகிறாய் என்று நினைத்தேன், நீ என்னைவிட ஜாக்கிரதையாகத்தான் போகிறாய். அதனால் பேரை எடுக்காதே. சனிக்கிழமை போ, ஆசை தீர ஓட்டு. எனக்குப் பயம் போகவில்லை, அது போகாது, பெற்றவனுக்கு அது கூடவே இருக்கும், அதற்காக நீ நிற்காதே. எவ்வளவு காற்று என்பதை அந்த டயர் கம்பெனி சொன்னபடி வை, கூட ஓட்டுகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஓட்டி நிறுத்தினவுடன், ஆறுவதற்குள் அளந்து பார். அதே வண்டியில்தானே வீட்டுக்கு வருகிறாய், அங்கேயே ரோட்டுக் காற்றை ஏற்றிவிட்டுக் கிளம்பு. சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஏமாறாதே, மறுநாள் வண்டியை எடுக்குமுன் இன்னொரு தரம் பார். எல்லாம் நீ சொன்னதுதான், உனக்கே திருப்பிச் சொல்கிறேன், வாத்தியார் புத்தி.

மம்மி பார்சலில் மாதா படம் தைத்த புது உத்தரியம் வைத்திருக்கிறாள், அது வரும்வரை பழையதையே கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டு. காவல் சம்மனசு உன் பக்கத்திலேயே வரட்டும், மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சனிக்கிழமை ஓட்டி முடித்ததும் எனக்கு போன் போடு, மம்மிக்கு இல்லை, எனக்கு. கிறிஸ்துமஸுக்கு வருகிற தேதியையும் மறக்காமல் சொல். பெட்டியெல்லாம் மம்மியோடு ஆட்டோவில் வரட்டும், நீ ஏர்போர்ட்டிலிருந்து என்னோடு வண்டியில் வா. முந்தின நாளே போய் இரண்டு ஆள் காற்று வைத்துவிடுவேன். யார் ஓட்டுவது, யார் பின்னால் உட்காருவது என்பதை நீயே முடிவு செய்துகொள், எப்படி உட்கார்ந்தாலும் காற்று ஒன்றுதான்.

முத்தங்களுடன்,
உன் டாடி
ஆரோக்கியநாதன்