பதினொன்று என்று சொன்னேன்

இன்று காலை கைப்பேசியில் வானிலை பார்த்தேன். காற்று 11 என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் அலகு இல்லை. மாடம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அப்படியே நின்றிருந்தேன், மச்சான்.

சேலையூரில் ஒரே பள்ளியில் படித்த நாம் சிறுசேரியில் ஒரே கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தது தற்செயல்தான். ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நீ மேலே டவர் கிரேன் ஓட்டினாய். நான் கீழே பாதுகாப்பு மேற்பார்வையாளன். தினமும் உன் பைக்கில்தான் போவோம். கேம்ப் ரோடு நெரிசலில் திட்டிக்கொண்டே வண்டியை நுழைப்பாய். கிரேனில் ஏறிவிட்டால் மட்டும் உனக்கு அவசரமே வராது.

கிரேன் உச்சியில் இருந்த காற்றுமானியின் எண், என் அறையில் ஒரு சின்னப் பெட்டியில் தெரியும். மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டரைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். பழையது பழுதாகி, புதிது மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று மத்தியானம் மேகம் கட்டியது. காற்று எவ்வளவு என்று வாக்கி-டாக்கியில் கேட்டாய்.

"பதினொன்னு."

"பதினொன்னா? இங்க கேபினே ஆடிக்கினு கீதுடா."

"பதினொன்னுதான் மச்சான். தூக்கு."

தூக்கினாய். இரும்புப் பலகைக் கட்டு பாதி உயரத்தில் சுழன்று சாரத்தில் மோதியது. அங்கே நின்றிருந்த தொழிலாளி கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் பழைய நடை திரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் பெட்டியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்து. விநாடிக்கு மீட்டர். பழைய பெட்டி மணிக்குக் கிலோமீட்டரில் காட்டியது. பதினொன்றை மூன்று புள்ளி ஆறால் பெருக்கினேன். மணிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். டிப்ளமோவில் இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டவன் நான்.

உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். கிரேன் ஏணிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாய். "நீ வாயத் தொறக்காத. காத்து எவ்ளோன்னு கேக்காம நான்தான் தூக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். உன் வேல போனா திரும்ப வராது. எனக்கு எங்கனா ஒரு கிரேன் கெடைக்கும்" என்றாய். மறுநாள் விசாரணையில் அப்படியே சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் வேலை போனது. அதன்பின் உனக்கு எங்கும் கிரேன் கிடைக்கவில்லை. தாம்பரத்தில் ஆட்டோ ஓட்டினாய். பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கித் தருவாய். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது உனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் போனபின், எப்போதும் கேட்கிறவர் அன்றைக்கு மட்டும் ஏன் காற்று கேட்காமல் தூக்கினார் என்று இன்னமும் புரியவில்லை என்றார் உன் மனைவி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

"அவருக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. அவன்தான் சொல்லாதன்னான்."

"கவனமில்லாத மனுஷன்னு சொல்லிச் சொல்லி எத்தன சண்ட போட்டிருக்கேன். ஒருவாட்டி கூட பதில் பேசினதில்ல" என்றார்.

உன் வேலை போனது மட்டும்தான் என் தவறு என்று அதுவரை நினைத்திருந்தேன். உன் வீட்டுக்குள் நடந்த அத்தனை சண்டைகளும், அப்போதெல்லாம் நீ பேசாமல் இருந்ததும் என் கணக்கில்தான் சேரும் என்று அன்றுதான் தெரிந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை. அவரிடம் கேட்க வாய் வரவில்லை.