இரண்டு பம்பளிமாஸ்

என் செல்ல மகளுக்கு,

பழைய விலாசத்துக்கு எதுவும் அனுப்பாதே. மறுபடியும் வண்டியைக் கிளப்பிவிட்டேன். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இந்தக் குளிர்காலத்துக்கு இது மூன்றாவது கேரவன் பார்க், என்னைப்போல் குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் வீட்டுவண்டியை நிறுத்தும் இடம்.

முதல் இடத்தில் ரயில் சத்தம். இரண்டாவதில், சொல்லப்போனால், ஒரு குறையும் இல்லை.

வண்டியை நிறுத்தியதும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் வாசலில் பெயர்ப்பலகையை நடுவார்கள். நானும் அந்த இரண்டாவது இடத்தில் பழக்கதோஷத்தில் நட்டுவிட்டேன், உன் அப்பா செதுக்கியதை: 'ஹார்லன், வெர்னா, மினசோட்டா.' பக்கத்து வண்டி டோரீன் தினமும் காலையில் தன் வண்டியோரத்து மரத்துப் பம்பளிமாஸ் பழம் இரண்டு கொண்டுவந்து படியில் வைப்பாள், ஆளுக்கு ஒன்று.

"என்ன வெர்னா, உன் வீட்டுக்காரரைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறே? சீட்டாட ஒரு கை குறையுது, எழுப்பி அனுப்பு."

"தூங்கறார்," என்றேன்.

வேறென்ன சொல்வது? ஏப்ரலில் உன் அப்பாவின் அடக்கத்துக்கு நம் ஊரே சர்ச்சுக்கு வந்திருந்தது. யாரிடமும் நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் சூப்போடு வந்து நின்றாள். "அவருக்கு உடம்பு சரியில்லையா? நான் வேணா வந்து பாக்கட்டுமா?" அன்று மதியமே கிளம்பிவிட்டேன்.

இங்கே பலகையை வெளியில் எடுக்கவில்லை. பலகை இல்லாத வண்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டு நாளில் போகிறவள் என்று விட்டுவிடுகிறார்கள். நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். உட்கார முடியவில்லை. காலையில் கதவைத் திறந்து படியைப் பார்க்கிறேன்.

நீ திட்டுவாய், தெரியும். நாளை டோரீன் இருக்கும் பார்க்குக்கே திரும்புகிறேன், பழைய விலாசத்துக்கே எழுது. இரண்டு பழத்தையும் தின்றது யார் என்று டோரீனிடம் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓரிடத்தில் இருக்காத உன் அம்மா