செத்தவன் அடித்த அடி

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றும் யாரும் என்னைத் தொடவில்லை.

மூடுபனி கண்ணை மறைத்தும் வாள் வகுப்புக்கு இருபது பேர் திரண்டு வந்தார்கள். (பன்னிரண்டு. குவால்தியேரோவின் நாயைச் சேர்த்து.) வாளைத் தாழ்த்தி முழங்காலுக்கு முன்னால் நிறுத்துவதை இரும்புக்கதவு நிலை என்று பழைய ஆசான்கள் சொன்னார்கள். ரொட்டிக்கடை குவால்தியேரோ நிறுத்தினால் அது கோழிக்கூண்டுக் கதவு. அவனோடு நானே மோதிக் காட்டினேன். அவன் வாள் என் தோளை நோக்கி வந்த சரியான சமயத்தில், "நில்! முழங்கையைப் பார்!" என்று கத்தினேன். நல்ல வாத்தியாருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு வழக்கம்போல முதல் விதியைச் சொன்னேன். பட்டால் பட்டவனே கையைத் தூக்க வேண்டும், 'பட்டது' என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடித்தவன் மூச்சு விடக் கூடாது. பட்ட பிறகு நீ திருப்பி அடித்தால் அது செத்தவன் அடித்த அடி, செல்லாது. ஆயிரம் வருஷத்து விதி. கையைத் தூக்காதவன் வாள்காரன் இல்லை, திருடன்.

"நீங்க எப்ப மாமா கடைசியா தூக்கினீங்க?" என்றான் குவால்தியேரோ.

"இன்னும் தூக்கலடா. அதான் நான் வாத்தியார்."

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி இல்தே சூப்பில் தொர்த்தெல்லினி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். "யாராலயும் தொட முடியாத ஆளு! சோபாவ விட்டு எழுந்தாத்தானே தொடறதுக்கு," என்றாள். பொறாமை.

அக்டோபர் 16, வியாழன்

ஒரு பெண் வந்தாள். ஈரிதே என்று பெயர். மோதெனா நகரத்துப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் டீச்சர், சாயங்காலம் வாள் வாத்தியார். அவள் வகுப்பு நடத்திய இடத்தை வீடுகளாக மாற்றிவிட்டார்களாம். இங்கே அத்தை வீடு காலியாக இருப்பதால் குடிவந்திருக்கிறாள். உயரம் என் அக்குள் வரை. சுவரில் சாய்ந்து வகுப்பு முழுவதும் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து, "உங்க காட்டுப்பன்றி நிலை நல்லாயிருக்கு. இடது கால் மட்டும் முன்னால வரணும்," என்றாள்.

"பழைய புத்தகத்துப் படத்தில் அப்படி இல்லையே!"

"படத்துல இல்ல. கீழ எழுதியிருக்கு."

கீழே எழுதியிருப்பதை யார் படிப்பது? நான் எட்டாம் வகுப்போடு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ரிப்பேருக்குப் போனவன். பழைய புத்தகத்தில் படம் போட்டிருப்பது எதற்கு, படிக்கத் தெரியாத வீரர்களுக்குத்தானே? இதை அவளிடம் கம்பீரமாகச் சொன்னேன். அவள் அப்படியே அசந்துபோனாள். (சிரித்தாள்.)

அக்டோபர் 17, வெள்ளி

எங்களுக்கு ஹால் கொடுத்திருக்கும் நுல்லோவின் வீட்டு பாய்லரைப் பார்க்கப் போனேன். அதே பெண் அவன் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். சரியில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

வந்துவிட்டது வினை. எங்கள் ஹால் பெரியவர்களின் போச்சே சங்கத்துக்குச் சொந்தம். நுல்லோதான் தலைவர், எண்பத்திரண்டு வயது. கிழவர்கள் மரக்குண்டு உருட்டாத செவ்வாயும் வியாழனும்தான் வாளுக்கு. அந்த இரண்டு நாளையும் ஈரிதே கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு வாத்தியாருக்கு ஒரு ஹாலு தாங்காதுடா துல்லியோ," என்றான் நுல்லோ. "மோதிப் பாருங்க. யாரு முதல்ல மூணு அடி அடிக்கிறாங்களோ அவங்களுக்கு ஹாலு. தோத்தவங்க மார்ட்டின் பண்ணிடணும்."

எங்கள் பக்கம் நவம்பர் பதினொன்று, மார்ட்டின் திருநாளில், குத்தகை முடிந்த குடும்பங்கள் வண்டி கட்டி வீடு மாறும். இன்றும் வீடு மாறினால் 'மார்ட்டின் பண்றான்' என்றுதான் பேச்சு. போட்டியும் அன்றைக்கேதான்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றேன்.

"உன்னத்தான்டா பாவங்கிறேன்," என்றான்.

அக்டோபர் 28, செவ்வாய்

பயிற்சி. மாவு தேய்க்கும் கட்டையே வாள், பாத்திர மூடியே கைக்கேடயம். ஃபிரிட்ஜை எதிரியாக வைத்து மூன்று முறை வென்றேன். இல்தே வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"யாரு ஜெயிக்கிறது? ஃபிரிட்ஜா?"

"பயிற்சிடி!"

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லேன். அந்த மூடிய மட்டும் குடு, சூப்பு கொதிக்குது."

பயமா? எனக்கா? போலந்தில் கரடியோடு மோதியவன் நான். (கரடி கூண்டுக்குள் இருந்தது. ஆனால் மிக அருகில்.)

தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை ஏன் யாரும் தொடவில்லை? திறமையா? ஒவ்வொரு தடவையும் நான் 'நில்' என்று சொன்னதாலா? இல்லை — அந்தப் பசங்களுக்கு என் மேல் பிரியமா? இதை எழுதியிருக்கவே கூடாது.

நவம்பர் 4, செவ்வாய்

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஈரிதே வகுப்பு எடுக்கிறாள். வேவு பார்க்கவில்லை, அந்தப் பக்கம் ஒரு பாய்லர் இருந்தது. மூடுபனியில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதன் கீழே ஆறு பேர் கம்பளித் தொப்பியோடு வாள் வீசுகிறார்கள். கார் வந்தால் ஒதுங்கி வழிவிட்டு மறுபடியும் நிற்கிறார்கள். அவள் ஒருத்தியிடம் அடி வாங்கினாள். கை மேலே போனது. "பட்டுச்சு! அருமை! இன்னொரு தடவை பண்ணு!" அடி வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்படும் வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

குளிரில் நெடுநேரம் நின்றிருக்கிறேன் போல. மூக்கு ஒழுகுகிறது.

நவம்பர் 11, செவ்வாய். மார்ட்டின் திருநாள்

ஹால் முழுக்கக் கூட்டம். சுட்ட செஸ்ட்நட் வாசனை, புது ஒயின், போச்சே கிழவர்கள் மொத்தமும் முன்வரிசையில். ஐந்நூறு பேர் இருக்கும். (நாற்காலியே அறுபதுதான்.) நடுவர் நுல்லோ.

முதல் அடி அவள் அடித்தது. என் மணிக்கட்டில், ஊரே பார்த்தது. கையைத் தூக்கினேன். வேறு வழியில்லை. "அய்யோ, மாமாவுக்குப் பட்டிருச்சு!" என்று ஒரு கிழவி கத்தினாள், நான் செத்துப்போனதுபோல. அடுத்து என் அடி, தோளில். அவள் கை உடனே மேலே. பிறகு அவள். பிறகு நான், நிஜமாகவே அழகான அடி, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

இரண்டுக்கு இரண்டு.

நான் இரும்புக்கதவு. அவள் காட்டுப்பன்றி, இடது கால் முன்னால். பாய்ந்தேன். என் கேடயத்துக்குக் கீழே ஏதோ நுழைந்து இடது விலாவில் 'ணங்' என்று குத்தியது. அடுத்த நொடி என் வாள் அவள் முகமூடியில் இறங்கியது, கோயில் மணி மாதிரிச் சத்தம். ஹாலே எழுந்தது. "துல்லியோ! துல்லியோ!" நுல்லோ என் பக்கம் கையை நீட்டிவிட்டான்.

விலாவில் பட்டதை ஒருவரும் பார்க்கவில்லை. என் உடம்பு அவ்வளவு அகலம்.

முகமூடிக்குள் நானும் என் பூண்டு வாடையும்தான். அவளுக்குத் தெரியும். குத்தியவள் அல்லவா? அவள் வாயைத் திறந்து 'பட்டுச்சே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கத்திக் கூச்சல் போட்டு ஹாலை நான் தட்டிக்கொண்டு போயிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரன். அவள் சொல்லவில்லை. வாளைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நின்றாள், விதிப்படி.

கை தானாக மேலே போனது. — இல்லை. நான்தான் தூக்கினேன்.

"பட்டது," என்றேன். "எனக்குத்தான் முதலில் பட்டது. நான் அடித்தது செத்தவன் அடி."

எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். பிறகு நுல்லோ சிரித்தான்.

"நடுவர் நானா நீயா? ஒண்ணும் படல."

"பட்டவன் நான்டா!"

"கரடியோட சண்ட போட்டேன்னு சொன்னவன் பேச்ச நான் நம்பணுமா? பொண்ணாச்சேன்னு விட்டுக்குடுக்கறான்யா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "பெரிய மனசுடா உனக்கு!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் ஆயுளில் இப்படி ஒரு கைத்தட்டல் வாங்கியதில்லை. அதுவும் நான் சொல்லாத ஒரு பொய்க்கு.

உடை மாற்றும் அறை வாசலில் ஈரிதே. "நீங்க கையத் தூக்கினத நான் பாத்தேன் வாத்தியாரே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

நம்ப மாட்டேன் என்கிறார்கள்! காலையில் காபி பாரில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இடது விலாவில் கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் அளவுக்கு.

"பாய்லர்ல இடிச்சிருப்ப," என்றான் நுல்லோ.

"மழுங்கின வாள் முனைடா இது! வட்டமாக இருக்கிறது பார்!"

"பாய்லர் குழாயும் வட்டம்தானே."

குவால்தியேரோகூட, "விடுங்க மாமா, உங்க பெருந்தன்மை ஊருக்கே தெரியும்," என்றான். பெருந்தன்மையாம்! வாழ்நாளெல்லாம் கதை விட்டேன், ஒன்றையும் யாரும் மறுக்கவில்லை. ஒரே ஒரு உண்மை சொன்னேன், ஊரே சேர்ந்து மறுக்கிறது. கடவுளே, இதற்கு அந்தக் கரடியே தேவலை.

அப்போது இல்தே உள்ளே வந்தாள். பாருக்கு வருகிறவளே இல்லை. மாவு படிந்த கையோடு நேராக நுல்லோவிடம் போனாள்.

"அவரு சொல்றது நெசம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பொய் சொல்லிட்டு வந்தா இந்த மனுஷன் ரெண்டாந்தடவ போட்டுச் சாப்பிடுவாரு. நேத்து திருநாளும் அதுவுமா நான் பண்ணின தொர்த்தெல்லினிய ஒரு வாய் தொடல."

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்குப் புரிந்த சாட்சி.

நுல்லோ தொப்பியைக் கழற்றினான். "அப்படின்னா... நீ மார்ட்டின் பண்ணணுமேடா."

"பண்ணுகிறேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். இல்தே ஒரு மாதிரி பார்த்தாள். "இது பசி!" என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

வண்டி கட்டினேன். வாள்கள், முகமூடிகள், கேடயங்கள், என் படம் போட்ட போஸ்டர், எல்லாம் பாய்லர் வண்டியில். குவால்தியேரோ முகமூடிகளை ரொட்டிக் கூடையில் சுமந்து வந்தான், அவன் நாய் பின்னாலேயே ஊளையிட்டது. சாவியை ஈரிதேயிடம் நீட்டினேன்.

"இதெல்லாம் எங்க போகுது?"

"என் கராஜுக்கு."

"ஈரத்துல துருப்பிடிச்சிருமே," என்றாள். சாவியை வாங்கிக்கொண்டாள். "ஹால்தான் போட்டியில இருந்துச்சு. வாளுங்க இங்கயே இருக்கட்டும். நீங்களும் உங்க ஆளுங்களும் வாங்க. எனக்கு இந்த ஹால் பாய்லர பத்தவைக்கத் தெரியாது வேற."

"இறக்கு, இறக்கு," என்று நுல்லோ விரட்டினான்.

முடியாது என்றேன். மார்ட்டினுக்குக் கட்டிய வண்டியை ஓட்டாமல் இறக்குவது அபசகுனம். சதுக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினேன், ஹாரன் அடித்துக்கொண்டே. கடைக்காரர்கள் வெளியே வந்து கைகாட்டினார்கள். பிறகு ஹாலின் பின்வாசலில் கொண்டுபோய் இறக்கினேன்.

வீடு மாறியாகிவிட்டது. இப்போது நான் இரண்டாம் வரிசை, ஓரத்தில்.

நவம்பர் 18, செவ்வாய்

குவால்தியேரோ என்னை அடித்தான். கையைத் தூக்கினேன். அவன் அழுதுவிட்டான், முட்டாள்.

நவம்பர் 27, வியாழன்

இடது கால் முன்னால் வருகிறது. அநேகமாக ஐரோப்பாவிலேயே சிறந்த காட்டுப்பன்றி இப்போது என்னுடையதுதான்.

புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், தபால்காரி மொரேனா. நான் பாய்லரைப் பற்றவைத்தபோது பக்கத்தில் வந்து குளிர் காய்ந்தாள்.

"மாமா, உங்கள யாராலயும் தொட முடியாதாமே? பக்கத்து ஊருல சொன்னாங்க."

"தொட்டிருக்கிறார்கள்," என்றேன்.

"யாரு?"

"ஆளா அது! ஏழடி உயரம். தோள் கதவு அகலம். மூச்சு விட்டால் மாட்டுத் தொழுவம் மாதிரிப் புகை வரும். மலையிலிருந்து இறங்கி வந்து —"

மொரேனா என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தாள். திரும்பினேன். என் அக்குள் உயரத்தில் ஈரிதே, வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழடியா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "போன வாரம் எட்டுன்னீங்களே."