வதந்திதான் என்று சொன்னேன்

வியாழன் இரவு.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகனைப் பற்றி விசாரிக்க, சேலத்திலிருந்து, அவனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் மாமா காலையில் என்னிடம் வந்தார். நல்ல பையன் என்றேன். அதோடு நிறுத்தாமல், "குடிப்பான்னு டீக்கடைப் பக்கம் ஒரு பேச்சு இருக்குங்க. வெறும் வதந்தி. நான் பார்த்ததில்லை" என்றேன். உறுதியாகாத செய்தி என்பதுதானே அந்தச் சொல்லுக்குப் பொருள்? அதைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைத்தேன்.

அவர் ஸ்டெல்லா வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். "ஏனுங்க சார், டீக்கடையில யாராச்சும் சொல்லியிருந்தா பொண்ணு வீட்டுக்காரங்க காதுலயே வாங்கியிருக்க மாட்டாங்க. வாத்தியாரு நீங்க எதுக்குங்க சொன்னீங்க?"

நாளை சேலம் போய்ப் பேசிப் பார்க்கலாம். ஆனால் என்ன சொல்வது? அது வதந்திதான், நான் பார்த்ததில்லை என்றா? அதைத்தான் காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேனே.